கரிக் கம்பெனியில் என் பங்கு

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நான் என் இரண்டு காப்புகளையும் அடகு வைத்து ஒரு கரிக் கம்பெனியில் பங்கு வாங்கினேன்.

காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலிலேயே அப்பக்கடை போட்டிருந்தேன். அப்பத்துக்குச் சட்டியின் கீழேயும் நெருப்பு வேண்டும், மூடியின் மேலேயும் நெருப்பு வேண்டும். அதனால் கரி விற்கும் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, வாரம் தவறாமல் வருவார். கடலோரச் சதுப்பில் வளரும் பாக்காவ் மரத்தை வெட்டிச் சொந்தமாகச் சூளை போடப்போவதாகவும், பங்குக்கு ஆள் சேர்ப்பதாகவும் அவர்தான் சொன்னார். நான் கொடுக்கும் கரிக் காசில் கொஞ்சம் எனக்கே திரும்பி வரட்டுமே என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் பஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வேலைக்குக் கிளம்ப மாட்டார். அவரைக் கேட்காமல் காப்பைக் கழற்றியது அவருக்குப் பொறுக்கவில்லை. அது என் அம்மா வீட்டில் போட்ட காப்பு என்பதை வசதியாக மறந்துவிட்டார்.

"அவனவன் ரப்பர்ல போடுறான், ஈயத்துல போடுறான். நீ போயும் போயும் கரியிலயா போட்ட?"

"ரப்பர வச்சு அப்பம் சுட முடியுமாங்க?"

அன்று அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் சாப்பிட்டேன்.

முதல் சூளையைத் திறக்க நாள் பார்த்தார்கள். தவுக்கே சீனப் பஞ்சாங்கத்தில் நாள் பார்த்தார். நான் நம் பஞ்சாங்கத்தில் ராகுகாலம் தள்ளி நேரம் பார்த்துக் கொடுத்தேன். இத்தனையும் பார்த்தவர்கள் சூளைச் சுவரை ஒரு தரம் தொட்டுப் பார்க்கவில்லை. சூடு ஆறுவதற்குள் வாயைத் திறந்தார்கள். காற்றுப் பட்டதும் உள்ளே இருந்த கரி மொத்தமும் பற்றிக்கொண்டு சாம்பலாகிவிட்டது.

சேதி தெரிந்ததும் வீட்டுக்காரர் என் வெறுங்கையை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொண்டு கம்பெனியை மூடிவிடலாம் என்று பங்குதாரர்கள் தவுக்கேயின் கடையில் கூடினார்கள். மூடினால் என் காப்பு போனது போனதுதான். அதற்குப் பிறகு வீட்டில் நான் வாயைத் திறக்கவே முடியாது. இருந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண்.

"ஒரு அப்பம் கருகிட்டா மிச்ச மாவையும் கொட்டிடுவீங்களா? அடுத்தத ஊத்த மாட்டீங்களா?" என்று எனக்குத் தெரிந்த பசார் மலாயில், அந்தச் சந்தை மலாயில், கேட்டேன்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் முதலாளியும் ஒரு பங்குதாரர். "தங்கச்சி சொல்றது சரிதான். இன்னொரு சூளை போட்டுப் பாப்போம்" என்றார் அவர்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நான் சுவரில் கை வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும். இந்த முறை யாரும் பஞ்சாங்கத்தை எடுக்கவில்லை. பஸ் ஏறிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். சுடுகிறது என்று ஒரு தரம் திரும்பியும் வந்தேன். மறுபடி போனபோது சுவர் தண்ணீர்ப் பானையைப் போல் குளிர்ந்திருந்தது. உள்ளே இருந்து எடுத்த இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்டது. என் அடுப்பில் போட்டேன். புகையவில்லை, பொறி பறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு காப்பிக் கடைகளெல்லாம் எங்கள் கரியையே கேட்டு வாங்கின. வந்த லாபத்தில் காப்புகளை மீட்டேன். மெர்டேக்கா கொண்டாட்டத்துக்கு இரண்டையும் போட்டுக்கொண்டு போனேன். பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அங்கே எதிர்ப்பட்ட தன் மேலதிகாரியிடம் வீட்டுக்காரர், "என் சம்சாரம், கரிக் கம்பெனியில பங்குதாரர்" என்றார். நான் காதில் விழாதவள் மாதிரி நின்றேன்.

அந்த வருஷ போனஸ் கைக்கு வந்த மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பியவர் அடுப்படியில் நின்றார்.

"இதையும் கம்பெனியில போட்டுடு."

"யார் பேர்ல?"

கரி படிந்த என் கையிடம் பணத்தை நீட்டினார். "ஒன் பேர்லயே போடு."

கை கழுவாமல் அப்படியே வாங்கினேன். அவருடைய சட்டைக் கையில் கரி அப்பிக்கொண்டது. அதைப் பார்த்தார். தட்டிவிடாமல் அந்தச் சட்டையோடேயே வேலைக்குப் போனார்.