ஒரே தாம்பாளத்தில் இரண்டு ஆர்.சி. புத்தகம்

கற்பூரப் புகையும் புது ரெக்ஸின் சீட்டும் கலந்த அந்த வாசனை... எங்கு புது வண்டிக்குப் பூஜை போட்டாலும் எனக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வரும். அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

மலையில் எங்கள் ஊர் அம்மன் கோயில் முன்னால் இரண்டு ஜீப்புகள். ஒரே மாடல், ஒரே வெள்ளை. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று அப்பாவின் பங்காளியுடையது. எனக்குச் சித்தப்பா முறை. சேர்ந்து வாங்கினால் விலையைக் குறைப்பார்கள் என்று ஒன்றாகவே போய் வாங்கி வந்தார்கள்.

இருவர் பெயரும் வேடியப்பன். எங்களில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். அண்ணன் வீட்டிலும் வைத்தார்கள், தம்பி வீட்டிலும் வைத்தார்கள். ஊருக்குள் பெரிய வேடி, சின்ன வேடி. ஆர்.சி. புத்தகத்தில் பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை. இனிஷியல்கூட ஒன்றாக அமைந்துவிட்டது.

பூஜை போடாமல் வண்டியில் நம்பர் எழுதக் கூடாது என்பார்கள். அதனால் நம்பர் இல்லாத இரண்டு வண்டி... இரண்டு சாவியும் இரண்டு புத்தகமும் ஒரே தாம்பாளத்தில். பூசாரி சந்தனம், குங்குமம் வைத்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தார்.

சாவி மாறிவிட்டது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

"டேய், இது உன்து போலக்குதுடா!" என்று அப்பா சிரிக்க, சாவியை மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் மலைக்குக் கீழே ஆலங்காயத்தில் பெயிண்டர் அவரவர் காட்டிய புத்தகத்தைப் பார்த்து நம்பர் எழுதினார். முடிந்தது.

அப்பாவின் ஜீப்பில்தான் எங்கள் வீட்டுப் புளியும் சாமையும் சந்தைக்கு இறங்கின. பிரசவ வலி எடுத்தவர்கள் போனார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில்தான் அடைந்துகொண்டு போவோம். வளைவுகளில் யார் மடியிலாவது சாய்ந்து தூங்கிவிடுவேன்.

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனாலும் இன்சூரன்ஸை ஒரு வருடம்கூட விட்டதில்லை. சித்தப்பா வாங்கும்போது போட்டதோடு சரி, பிறகு அந்தப் பக்கமே போக மாட்டார். "வண்டிக்கு இன்னாத்துக்குக் காப்பீடு? சாமி பாத்துக்கும்" என்பார். பிறகு ஒரு புளியமரத் தகராறில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

பதினைந்து வருடம் ஆனதும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள். நான் டிகிரி முடித்திருந்தேன். வீட்டில் படித்தவள் நான் ஒருத்திதான். அப்பா என்னையும் கீழே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பரைத் தேடினார். அந்த இடத்தில் வருடா வருடம் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் அடை அடையாக இருந்தது. சுரண்டிப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"வண்டில ஒரு நம்பரு, புத்தகத்துல ஒரு நம்பரு. வண்டி ஏதுங்க?"

"புதுசா வாங்கினதுங்க சார்..."

"புதுசுல எப்டிங்க மாறும்? போலீசுக்கு எழுதுனா திருட்டு வண்டின்னு கேஸ் ஆயிடும். உண்மையச் சொல்லுங்க."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குக் குரலே எழும்பாது. அன்று எப்படியோ வந்தது.

"சார்... அன்னிக்கு சாவியும் மாறிச்சு சார்."

"இன்னாம்மா சொல்ற?"

சொன்னேன். தாம்பாளம், பூசாரி, ஒரே பெயர், பெயிண்டர்... திக்கித் திக்கி எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. "அந்த ஜீப்ப நாளைக்கு இங்க கொண்டாங்க. நம்பரு ஒத்துப்போச்சுன்னா பாக்கலாம். அதுவரைக்கும் இது இங்கயே நிக்கட்டும்."

அன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கு நான்தான் போனேன்.

"உங்கப்பன் ஏன் வர்ல? கால்ல முள்ளு குத்திக்கிச்சா?"

"நீங்க வர்லன்னா அப்பாவ திருடன்னு எழுதிடுவாங்க சித்தப்பா."

கொடியில் கிடந்த சட்டையை உருவினார். "எங்கண்ணன எவன் திருடன்னு சொன்னது?"

மறுநாள் அவர் வண்டியையும் சுரண்டினார்கள். அப்பா புத்தகத்தில் இருந்த நம்பர் அங்கே இருந்தது! சித்தப்பா புத்தகத்தில் இருந்தது எங்கள் வண்டியில். உயிர் திரும்பி வந்தது போல இருந்தது.

இன்ஸ்பெக்டர் இன்சூரன்ஸ் பேப்பரைப் புரட்டும் வரை.

"பெரியவரே, நீங்க இத்தினி வருசமா கட்டுனதெல்லாம் உங்க தம்பி வண்டிக்குங்க. மொத வருசத்துக்கு அப்பறம் உங்க வண்டிக்கு ஒரு நாள்கூட இன்சூரன்ஸ் இல்ல."

அந்த வளைவுகள்... பிரசவத்துக்குப் போனவர்கள்... ஒருவர் மேல் ஒருவராக உட்கார்ந்திருந்த பிள்ளைகள்... ஏதாவது ஆகியிருந்தால் எங்களிடம் நீட்ட ஒரு காகிதம் இருந்திருக்கும். அது வேறு வண்டியின் காகிதம்.

அப்பா ஜீப்பின் பானெட்டில் கையை ஊன்றி நின்றார்.

சித்தப்பாதான் மெல்ல ஆரம்பித்தார். "அதான் என் வண்டில ஒரு கீறல்கூட வுழலியா? நான் சாமின்னு நெனச்சினு இருந்தேன். அது நீதானாண்ணா?"

"போடா... இனிமேட்டு நீயே கட்டிக்கோ," என்றார் அப்பா. நான்கு வருடம் கழித்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது.

மனு, நேரில் வாக்குமூலம், பரிசோதனை என்று அலைந்து ஒருவழியாக எல்லாம் சரியானது.

இப்போது காகிதமெல்லாம் போனுக்குள் வந்துவிட்டது. போன ஆயுதபூஜைக்குத் தாம்பாளத்தில் இரண்டு சாவியோடு இரண்டு போனையும் வைத்தார்கள். பூசாரி எடுத்துக் கொடுக்கும்போது எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சேசிஸ் நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் சந்தனம் வைக்க விடவில்லை.

இன்சூரன்ஸ் இருக்கிறது, எங்கள் வண்டிக்கே இருக்கிறது. ஆனால் மலை இறங்கும்போது யார் மடியில் சாய்ந்தாலும் எனக்கு இப்போது தூக்கம் வருவதில்லை... ஒவ்வொரு வளைவையும் பார்த்துக்கொண்டே போகிறேன்.