படகின் பின்பக்கத்தில் நித்திரை

முப்பது வருடமாகக் குருசுமுத்து படகின் பின்பக்கத்தில் இருந்து எஞ்சின் பிடியைப் பிடிக்கிறார். ஊர்காவற்றுறைக் கரையில் எங்கே கல் கிடக்கிறது, எங்கே மண் ஏறியிருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். அந்தச் சனிக்கிழமை காலை, வலை எடுத்துத் திரும்பும்போது உண்மையாகவே கண்ணை மூடிவிட்டார். எஞ்சினின் விசிறி கல்லில் அடிபட்டு மூன்று இதழும் போயிற்று. முன்னால் இருந்த வின்சன்ற் விழுந்து முழங்கை உரிந்துபோனது. படகும் அவனுடையதுதான். இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு கரைக்கு வர வெயில் ஏறிவிட்டது.

கரையில் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்த அன்ரனிதாஸ் விடவில்லை.

“போன ஞாயிறு சுவிசேஷத்திலை ஆண்டவர் படகிலை தலைகணி வைச்சு நித்திரை கொண்டவராம். அண்ணையும் பழகிட்டார்.”

“அவரும் பின்பக்கத்திலைதான் படுத்தவர்,” என்றார் குருசுமுத்து.

“ஓம், பிடி அவரின்ரை கையிலை இருக்கேல்லையே!”

வின்சன்ற் மட்டும் சிரிக்கவில்லை. “திங்கள் ஆர் பிடிக்கிறதெண்டு நாளைக்குப் பூசை முடியக் கதைப்பம்,” என்றான்.

குருசுமுத்து ஒழுங்காக நித்திரை கொண்டு எட்டு மாதம். கிழமைக்கு இரண்டு நாள், கடலால் வந்த கையோடு மனைவி திரேசம்மாவைப் பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கு இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப்போவார். அவள் பக்கத்தில் நாலு மணித்தியாலம் கதிரையில் இருப்பார். பின்னேரம் திரும்பக் கடல்.

ஞாயிறு கோயிலில் திருப்பாடல் வாசிக்கும் முறை அவருடையது. ஐந்தாம் வகுப்போடு நின்றவர், தடக்குப்படாமல் இருக்க முதல்நாளே வாசித்துப் பார்ப்பார். பார்த்தால், உன்னைக் காக்கிறவர் கண்ணயரமாட்டார் என்று கிடந்தது. அவருக்குச் சினம் வந்தது.

“போன கிழமை நித்திரை கொண்டவர். இந்தக் கிழமை கண்ணயரமாட்டாராம். எதை நம்புறது?”

“ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தவர் எண்டும் கிடக்கு,” என்றாள் திரேசம்மா, பாயில் படுத்தபடி.

“களைக்கமாட்டார் எண்டும் கிடக்கு.”

“இஞ்சாருங்கோ, நான் ஆசுப்பத்திரியிலை நித்திரை கொள்ளேக்கை நீங்கள் மெசினைப் பாத்துக்கொண்டு இருக்கிறியள். அவர் படுக்கேக்கை சீடர்மார் முழிச்சிருந்திருப்பினம்.”

“அப்ப நான் படுக்க ஆர் முழிச்சிருக்கிறது?”



மறுநாள் அந்த வரி வந்ததும் குருசுமுத்துவின் குரல் நின்றது. முன் வரிசை வாங்கில் வின்சன்ற், முழங்கையில் துணிக்கட்டோடு இருந்தான். யாரோ இருமினார்கள். பின்னாலிருந்து, “அண்ணை, எழும்புங்கோ,” என்றான் அன்ரனிதாஸ். கோயில் சிரித்தது. முழித்துத்தான் நின்றார். எழுத்துத்தான் கலங்கித் தெரிந்தது. ஒருவாறு வாசித்து முடித்தார்.

பூசை முடிய, பூவரசுக்குக் கீழே வின்சன்ற் சொன்னான்: “இனி நான் பிடிக்கிறன்.”

குருசுமுத்து நிலத்தைப் பார்த்தார். “அப்ப நான் வரேல்லை.”

“வராட்டி வலை இழுக்கிறது ஆர்? தனிய ஏலாது. வலை போடுற இடத்துக்கு ஒண்டேகால் மணித்தியாலம் ஓட்டம். போகேக்கையும் வரேக்கையும் முன்னாலை படுங்கோ.”

“படுக்கிறதுக்கோ ஒருத்தன் கடலுக்கு வாறது?”

“படுக்காமல் வந்துதானே விசிறி போனது.”

“பிடியைத் திருப்பித் தருவியோ, தம்பி?”

“அக்காவுக்குக் கொஞ்சம் சுகம் வரட்டும். பாப்பம்.”

திரேசம்மாவுக்கு வந்த வருத்தம் சுகம் வரும் வருத்தமில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

திங்கள் பின்னேரம் நாலு மணிக்கு, வேறொரு பழைய விசிறியைப் பூட்டிக்கொண்டு படகு வெளிக்கிட்டது. குருசுமுத்து முன்னால் வலைக்குவியலில் சாய்ந்தார். வலதுகை பிடியைத் தேடியது.

“இடப்பக்கம் கல்லு!”

“தெரியும். படுங்கோ, அண்ணை.”

கொஞ்சத் தூரம் போக, “மண் ஏறிக் கிடக்கு, விலத்து!”

“விலத்திட்டன்.”

அடுத்த கல்லுக்கு முன்னாலிருந்து குரல் வரவில்லை. வின்சன்ற் எஞ்சினைக் கொஞ்சம் அடக்கி, அந்தக் கல்லையும் விலத்திப் பிடித்தான்.