பழைய ரொட்டி தேடி அலைந்த மதியம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் மாத வெயில். துபாய் கராமாவில் இப்போது குடியிருக்கும் அதே பழைய கட்டடத்தில்தான் இருந்தோம். எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. "உனக்குக் கால்ல சக்கரம்" என்பார் என் கணவர்.

எதிர் ஃபிளாட்டில் ஸ்பெயின் நாட்டுப் பெண், நர்சரி டீச்சர். கணவர் மலையாளி. கத்தாரில் ராஸ் லஃபானில் அவருக்கு வேலை. லீவு கிடைத்தால்தான் வருவார். அவளுக்கு அப்போது மூன்றாவது மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. நானும் ரசம், கஞ்சி, எலுமிச்சை சாதம் என்று ஓடி ஓடிக் கொண்டுபோனேன். எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. அன்று காலை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், சாயந்திரத்துக்குள் ஏதாவது தங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்று. போன தடவை ஆஸ்பத்திரிக்குப் போனவள் கருவை இழந்துதான் திரும்பினாளாம். அதனால் ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்குப் பயம்.

"உன் நாக்கு எதைக் கேக்குது?" என்றேன். எங்கள் பேச்சு பாதி ஆங்கிலம், பாதி இந்தி, மீதி கையசைவு.

மிகாஸ் என்றாள். அவள் ஊரில் கல் மாதிரி காய்ந்துபோன ரொட்டியை உதிர்த்து, உப்புத் தண்ணீர் தெளித்து, துணி போட்டு மூடி வைப்பார்களாம். பிறகு ஆலிவ் எண்ணெயில் பூண்டைப் பொரித்து, அதில் கொட்டிக் கிளறி, திராட்சையோடு சாப்பிடுவார்களாம்.

வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் காய்ந்த ரொட்டியா? என் மனசு ஒப்பவில்லை. கீழே போய்ச் சூடான புது ரொட்டி வாங்கிவந்து, பிய்த்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, ஒரே மூச்சில் கிளறினேன். களியாகிவிட்டது. அவள் ஒரு வாய் வைத்தாள், பாத்ரூமுக்கு ஓடினாள்.

திரும்பி வந்து சோபாவில் சாய்ந்தவள், "பரவாயில்லை, விடு. ஆஸ்பத்திரிக்குப் பையை எடுத்து வைக்கிறேன்" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி இறங்கினேன்.

கராமாவில் எது கேட்டாலும் கிடைக்கும், பழைய ரொட்டி மட்டும் கிடைக்காது என்று அன்றுதான் தெரிந்தது. சூப்பர் மார்க்கெட்டில் "பழசு மாஃபி, கிடையாது, எல்லாம் ஃப்ரெஷ்" என்று முகத்தைச் சுளித்தார்கள். பேக்கரிக்காரர் தன்னைக் குறை சொல்ல வந்தவள் என்றே நினைத்துவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. மணியைப் பார்ப்பதும் நடப்பதுமாக இருந்தேன்.

கடைசியில் கீழக்கரை பாயின் மளிகைக்கடை. அவர் ரொட்டியைக் குப்பையில் போட மாட்டார். மிஞ்சியதை ஒரு பையில் கட்டித் தொங்கவிடுவார், ஆடு வைத்திருக்கும் ஒருவர் வந்து எடுத்துப்போவார். அந்தப் பையைக் காட்டிக் கேட்டேன்.

"ஆட்டுக்கு உள்ளதும்மா அது. யாருக்குக் கேக்குற?"

"மசக்கைக்காரிக்கு, பாய்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். முழுக் கதையையும் மூச்சு விடாமல் கொட்டினேன். பையைத் தொடவில்லை அவர். மாடியிலிருந்த வீட்டுக்குப் போன் போட்டு, தங்கள் சாப்பாட்டுக்கு வாங்கி மிஞ்சிய நீள ரொட்டியை வரவழைத்தார். தட்டினால் டொக்கென்றது. பூஞ்சை இருக்கிறதா என்று டியூப்லைட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே கொடுத்தார். கொஞ்சம் திராட்சையும் எடுத்துக்கொண்டு பர்ஸைத் திறந்தேன்.

"திராட்சைக்கு மட்டும் கொடு. வயித்துப்புள்ளைக்காரி ஆசைப்பட்டதுக்குக் காசு வாங்குனா நல்லாருக்குமா?"

ரொட்டியை உதிர்த்து, புட்டுமாவு பிசிறுவது போல உப்புத் தண்ணீர் தெளித்து மூடினேன். ஒரு ராத்திரி ஊற வேண்டுமாம். எங்களுக்கு இருந்ததோ சாயந்திரம் வரைதான். என்னால் இருக்க முடியவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் துணியைத் தூக்கிப் பார்த்தேன்.

"மூடு! தொடாதே!" என்றாள் சோபாவிலிருந்து. என் முழியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், கையை மடியில் இறுக்கிக்கொண்டு.

ஒருவழியாக அவள் தலையாட்டியதும் பூண்டைப் பொரித்துக் கிளறினேன். இந்தத் தடவை உதிரி உதிரியாக, பொன்னிறமாக வந்தது. ஒரு ஸ்பூன் சாப்பிட்டாள். நான் பக்கெட்டோடு பக்கத்திலேயே நின்றேன். பத்து நிமிடம் போனது. சாப்பிட்டது வெளியே வரவில்லை. இன்னொரு ஸ்பூன். ஒரு திராட்சை. கணவரிடமிருந்து போன் வந்தபோது வாய் நிறைய வைத்துக்கொண்டுதான் பேசினாள். நான் பக்கெட்டைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எடுத்து வைத்த பை பிரசவத்துக்குத்தான் போனது. அந்தப் பெண் குழந்தை இப்போது என் சமையலறையில் டப்பாக்களை உருட்டுகிறது.

யாருக்காவது முடியவில்லை என்றால் எனக்குத் தெரிந்ததைச் செய்து எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆள் நான். இப்போதும் ஓடுகிறேன்; ஆனால் கையை வீசிக்கொண்டு போய், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நிற்கிறேன். அப்படி நிற்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய பாடாக இருக்கிறது.