நாற்பத்தொன்றுக்குக் குரல் கொடுத்தவன்

சென்ற கிழமை கண் மருத்துவமனை ஒன்றில் வரிசைச் சீட்டோடு காத்திருந்தேன். சொட்டு மருந்து விட்டு இமைகளை மூடியிருக்கச் சொல்லியிருந்தார்கள். கண் மூடினால் மூக்கு கூர்மையாகிவிடும்போலும். தரை துடைத்த நீரின் நெடி என்னை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று. "ஃபார்ட்டி ஒன் யாரு? ஃபார்ட்டி ஒன்!" என்று செவிலிப்பெண் அழைத்தாள். நான் விருட்டென்று எழுந்து, கூடம் முழுதும் கேட்கும்படி, "உள்ளேன் ஐயா!" என்றேன். சுற்றிலும் சிரிப்பு. "ஐயா இல்ல தாத்தா, அக்கா. பாத்து மெதுவா வாங்க," என்று அவள் என் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். அவளுக்கு நான் என்ன விளக்கம் சொல்ல இயலும்? உங்களிடம் சொல்லலாம், உங்களுக்குப் பொறுமை உண்டு.

நான் புகுமுக வகுப்பில் சேர்ந்த காரைக்குடிக் கல்லூரியின் நடைக்கூடத்திலும் அதே நெடிதான் வீசும். கல்லலுக்கு அருகேயுள்ள எங்கள் ஊர்ப்பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் பெயர் சொல்லி அழைப்பார்கள். அழைப்போடு, "ஒங்கப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சாடா?" என்று ஒரு வினாவும் சேர்ந்துவரும். எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, காய்ச்சலைப் பற்றியும் சொல்லி அமர்வோம். காரைக்குடிக்கு வந்ததும் என் பெயர் கழன்று விழுந்துவிட்டது. அங்கே நான் ஃபார்ட்டி ஒன்.

முதல் நாள் வரலாற்று விரிவுரையாளர் பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல் எண்களை வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொருவரும் இருந்த இடத்திலிருந்தே "எஸ் சார்" என்று முனகினார்கள். என் முறை வந்தது. எழுந்தேன், கைகட்டினேன், "உள்ளேன் ஐயா" என்றேன். எண்பது பேர் சிரித்தார்கள். விரிவுரையாளர் அப்போதும் நிமிரவில்லை. பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் மட்டும், மூக்கால், "உள்ளேஏஏன் ஐயா" என்று இழுத்தது. பிறகு அதே குரல், தன் எண்ணான ஃபார்ட்டி டூவுக்கு, ஒன்றுமறியாத பிள்ளைபோல "எஸ் சார்" என்றது.

மறுநாளே நானும் "எஸ் சார்" என்று மாறியிருக்கலாம். எவனும் நினைவில் வைத்திருக்கமாட்டான். ஆனால், பதினாறு வயதில் வீம்பு எலும்பைவிட உறுதியாயிருக்கும். மாறுவதில்லை என்று முடிவு செய்தேன். வகுப்பிலும் வெளியிலும் அச்சிட்ட நூல்போலவே பேசத் தொடங்கினேன். சிற்றுண்டிச் சாலையில் "குடிநீர் கிடைக்குமா?" என்று கேட்டு, பரிமாறுபவரைத் திகைக்கவைத்த பெருமை எனக்குண்டு. விளைவு என்னவென்றால், கேலி செய்தவர்களும் ஒரு திங்களுக்குள் சலித்து ஓய்ந்துவிட்டார்கள். கேலிகூட இல்லாத இடம் எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விடுதியில் இடம் கிடைக்காமல், ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் தங்கியிருந்தேன். மூன்று பக்கமும் வற்றல் மிளகாய்ச் சாக்குகள். என் சட்டைகள் அந்தக் காரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வகுப்பில் என்னருகே அமர்ந்தவன் மூன்று நாள் தும்மிப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் வேறு பலகைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன். அம்மா அவித்துக் காயவைத்து அனுப்பிய கடலையைத் தனியே தின்னப் பிடிக்காமல் பையிலேயே வைத்திருந்தேன். அது பூசணம் பூத்தது. ஒரு நாள் மாலை எண்ணிப் பார்த்தேன். விடிந்ததிலிருந்து நான் வாய் திறந்தது ஐந்து முறை. நான்கு வகுப்புகளில் நான்கு "உள்ளேன் ஐயா". உணவகத்தில் ஒரு "சோறு போதும்".

பின்னிருக்கைக் குரல் மட்டும் ஓயவில்லை. நான் சொல்லி முடித்ததும், அடங்கிய ஒலியில், மூக்கால், நாள் தவறாமல் என்னைத் திருப்பிச் சொல்லும். நான் ஒருமுறையும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனவன், மறுநாள் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கடலைக்கொல்லையில் குனிந்திருந்தார்.

"அப்பா, நான் இனிமே காலேசுக்குப் போகல."

"ஏன், அடிச்சாகளா?"

"இல்ல."

"வஞ்சாகளா?"

"இல்ல. ஒருத்தனத் தவிர யாரும் என்கிட்ட எதுவுமே சொல்றதில்ல."

அப்பா நிமிர்ந்தார். "யாரும் எதுவும் சொல்லலைன்னா அப்புறம் என்னப்பா?"

அதுதான், என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சற்று நேரம் செடியை உதறிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, புடுங்க ஆள் பத்தல. இங்குட்டு வா," என்றார். நான்கு நாள் கடலை பிடுங்கினேன். கொல்லையில் எல்லாரும் என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அதற்காகவே இடுப்பு வலியைப் பொறுத்துக்கொண்டேன். வியாழனன்று அப்பா, "நாளைக்குப் போயி சர்ட்டிபிகேட்ட வாங்கிக்கிட்டு, பெட்டியையும் தூக்கிட்டு வந்துரு," என்றார். அவர் குரலில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

மாற்றுச் சான்றிதழுக்கு வகுப்புப் பொறுப்பாளரின் கையொப்பம் வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பொறுப்பாளர் அந்த வரலாற்று விரிவுரையாளர்தான். விண்ணப்பத்தை நீட்டி, நான்கு நாள் வரவில்லை என்பதையும் சொன்னேன். அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"ஃபார்ட்டி ஒன்னா? நாலு நாளும் வந்திருக்கியேப்பா. நேத்துக்கூடச் சொன்னியே, உள்ளேன் ஐயான்னு."

அன்றுதான் அவர் என் முகத்தை முதன்முறை பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இருந்ததும் தெரியவில்லை, இல்லாததும் தெரியவில்லை என்றால் இந்த இடத்தில் நான் எதற்கு? கையொப்பமிட்ட தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். மிதிவண்டி நிறுத்துமிடம்வரை நடந்திருப்பேன். அங்கேதான் இன்னொன்று உறைத்தது. நான் வரவில்லை என்பதை யாரோ ஒருவன் முதலில் கவனித்திருந்தால்தானே எனக்காகக் குரல் கொடுத்திருக்க முடியும்?

"என்ன புலவரே, உள்ளீகளா?"

மூக்கால் வந்த குரல். முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். கண்டரமாணிக்கத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. சாத்தப்பன் என்று பெயர்; இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஒல்லியான உடம்பு, பெரிய காதுகள்.

"எனக்காக நீ ஏன் விடை சொன்னாய்?" என்று கேட்டேன், அந்த நிலையிலும் செந்தமிழில்.

"பின்ன என்னய்யா? ஃபார்ட்டி ஒன்னுக்குச் சத்தம் வரலைன்னா ஃபார்ட்டி டூவுக்கு எனக்கு வாயே தெறக்க மாட்டேங்குது. பழகிப்போச்சு. நாலு நாளா ஒனக்கு மூக்கால, எனக்கு வாயாலன்னு ரெட்டை வேலை. தொண்டை கட்டிப்போச்சு." என் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தான். "செம்மண்ணு! கடலை புடுங்கப் போனியாக்கும். எங்க கடலைப் பை?"

"கொண்டுவரவில்லை."

"வெறுங்கையோட வந்தியா? நல்ல ஆளுய்யா நீ!"

என் கையில் இருந்த தாளைப் பற்றி அவன் கேட்கவில்லை. அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. அவனுக்குக் கடலை கொண்டுவந்து தரவேண்டும் என்பதைத் தவிர, அந்தக் கல்லூரிக்குள் மறுபடி நுழைய எனக்கு வேறெந்தக் காரணமும் இருந்ததாக நினைவில்லை. நுழைந்தேன். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அது துணியோடு வெளுப்புக்குப் போய்க் கரைந்தது.

இதற்குப் பின் நாங்கள் உயிர்த்தோழர்கள் ஆனோம் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஆகவில்லை. வாரம் ஒருமுறை கடலை தின்பான்; நாள்தோறும் என்னைத் திருப்பிச் சொல்வான்; அவ்வளவுதான். மாலையில் நான் மிளகாய்ச் சாக்குகளிடம் திரும்பிவிடுவேன். ஆண்டு முடிவில், "எங்கப்பச்சி கோயம்புத்தூர்க் கடைக்கு வரச்சொல்லிட்டாக," என்று சொல்லிவிட்டுப் போனான். செட்டியார் வீடுகளில் அப்பாதான் அப்பச்சி. இரண்டு கடிதங்கள் வந்தன. பட்ட வகுப்பின் முதல் நாள், புதிய எண்ணுக்கு எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றேன். சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின், பின்னிருக்கையில் எந்த ஒலியும் எழவில்லை. என்னை அமரும்படி விரிவுரையாளர் இரண்டு முறை சொல்லவேண்டியதாயிற்று.

இவ்வாண்டு என் தங்கையின் பேத்தி காரைக்குடியில் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். விடுதியில் தங்கி, ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு உணவுக்கு வருகிறாள். அதிகம் பேசமாட்டாள். மருத்துவமனையில் நடந்ததைச் சொன்னேன், சிரித்தாள்.

"இப்ப யாரும் கூப்புடுறதில்ல தாத்தா. வாசல்ல மெஷின் இருக்கு. மொகத்தக் காட்டுனாப் போதும், டிக் விழுந்துரும்."

"ஒரு நாள் நீ போகாவிட்டால்?"

"அம்மாவுக்கு உடனே மெசேஜ் போயிரும்."

"அது சரி. உன் அருகில் அமர்கிறவளுக்குத் தெரியுமா?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அவ பேரு என்னன்னு இன்னும் கேக்கல தாத்தா."