மறுமுறுக்கு இலவசம்

கார் சக்கரம் விற்கிற தொழிலில் பாராட்டு கிடையாது. சக்கரம் கழன்றால்தான் கடைக்காரன் பெயர் ஊருக்கு ஞாபகம் வரும். கார் வைத்துக்கொண்டு அவதிப்படுகிற நண்பர்களே, நானும் உங்களில் ஒருவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மீதியைத் துண்டறிக்கைகளில் படித்தேன். பிறகு நானே எழுதினேன். பஸ் விடச் சொல்லியும், குடிதண்ணீர் கேட்டும், விளைந்த மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, நியாய விலை கேட்டும் முப்பது வருடம் வீடுவீடாகக் காகிதம் கொடுத்துக் கூட்டத்துக்கு அழைத்தேன். காகிதத்தை வாங்கிக்கொண்டார்கள். கூட்டத்துக்கு வரவில்லை. போராடி வாங்கிய பஸ்ஸில் மட்டும் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார்கள்.

இப்போது செஞ்சியில், திருவண்ணாமலை சாலையில், மாற்றுச் சக்கரக் கடை வைத்திருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் கோபால், என் வயதுதான். அந்தக் காலத்தில் நாங்கள் மறியல் செய்தபோது வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ்ஸை ஓட்டிப்போன டிரைவர். சக்கரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் பாதி எனக்குத் தெரியாது என்பதால் மன்னித்தேன். மறக்கவில்லை.

உள்பக்கம்

கடைத்தெரு மளிகைக்காரர் ஒருவர் சென்னையில் பழைய அலாய் சக்கரம் நான்கை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தார். மாட்டிக் கொடுத்தால் போதும் என்றார். நட்டு ஓட்டைகள் பொருந்தின. நடு ஓட்டைதான் பெரிது. வண்டி அச்சின் மூக்கு அதில் ஆடாமல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வேகம் பிடித்ததும் ஸ்டியரிங் நடுங்கும். அதற்கு ஒரு வளையம் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைத் திருப்பினேன். உள்பக்கம் புதுப் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் தழும்பு, ஒரு சாண் நீளம்.

வெளியே பளபளப்பாக இருப்பதை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள் என்று வேட்பாளர்களைப் பற்றி நான் எத்தனையோ துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். சக்கரத்துக்கும் அதுவே விதி. விரிசல் விட்டு வெல்டிங் வைத்ததை எந்தக் காசு கொடுத்தாலும் மாட்ட மாட்டேன் என்றேன். அவர் வருத்தத்தோடு சொன்னார்: “பழைய பருப்ப பாலிஷ் போட்டு நான் விக்கல? அதத் தின்னு யாரு செத்தாங்க?”

சுத்தம்

தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் புதுச் சக்கரம் வாங்கினார். எப்படிக் கழுவுவது என்று கேட்டார். வண்டி சூடு ஆறிய பிறகு தண்ணீரும் கொஞ்சம் ஷாம்பும் போதும் என்றேன். இரண்டு வாரத்தில் நான்கு சக்கரத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறார். ஏன்மா இப்படி என்றேன். “ஷாம்பு போட்டா கழுவின மாதிரியே இல்ல சார். ஆசிட்டுன்னா ஒரு நம்பிக்கை இருக்குது.”

ஏழுமலையின் நான்கு நட்டு

வாடகைக் கார் ஓட்டும் ஏழுமலை (பெயரை மாற்றியிருக்கிறேன், காரணம் கடைசியில் தெரியும்) புது அலாய் சக்கரம் மாட்டிக்கொண்டு போனார். புதுச் சக்கரத்தில் நட்டு உட்காரும் இடம் ஓட ஓடக் கொஞ்சம் அமுங்கும். ஆகவே நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்பி வந்து நட்டை முறுக்கிக்கொள்ள வேண்டும். “திருவண்ணாமலை ஒரு நடை போய்வந்தால் கணக்கு சரியாக இருக்கும், வந்துவிடுங்கள்” என்று வாயால் சொன்னேன். தலையாட்டினார். வரவில்லை.

ஆறாம் நாள் அவலூர்பேட்டைக்குப் பக்கத்தில் கடகடவென்று சத்தம் கேட்டு வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார். முன் சக்கரத்தில் ஒரு நட்டைக் காணோம். மீதி மூன்றும் விரலால் திருகும் நிலை. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, என் பெயரைத் தவிர. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கார் ஸ்டாண்டில் பத்து டிரைவர்களை வைத்துக்கொண்டு, நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துச் சொன்னார்: “ஊருக்கெல்லாம் ஒண்ணா நில்லுங்க, ஒண்ணா நில்லுங்கன்னு கத்துன தோழரு. இவரு போட்ட நாலு நட்டு ஒண்ணா நிக்கலியே!”

டக்

அந்த வாரம் சக்கரத்துக்குச் சொல்லிவைத்திருந்த மூன்று பேர் திண்டிவனம் போய் வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் அடித்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. என் கடையில் மாட்டிய சக்கரம் இனி ஒன்றுகூடத் தளரக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

அதுவரை கோபால் ஸ்பேனரில் பைப்பைச் செருகி, காலால் மிதித்துத்தான் முறுக்குவார். அப்படி மிதித்தால் போல்ட் இழுபட்டுக் கெட்டுப்போகும். அளவு பார்த்து முறுக்கும் ஸ்பேனர் ஒன்று வாங்கினேன். சரியான அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்லும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். ஒரு நட்டு முறுக்கினால் அடுத்து அதற்கு எதிர் நட்டு. வட்டமாகச் சுற்றி வந்தால் சக்கரம் கோணலாக உட்காரும். கோபால் நான்கு முறை டக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “போதும்னு சொல்றதுக்கு இதுக்குள்ள ஒருத்தன் இருக்கான்யா. நீ மைக் புடிச்சப்போ இப்பிடி ஒருத்தன் இல்லாமப் போய்ட்டான்.”

துண்டறிக்கை

அடுத்தது, வாங்கியவர்களைத் திரும்ப வரவைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஆயுதம் ஒன்றுதான். “சக்கரம் வாங்கிய பெருமக்களே! நூறு கிலோமீட்டருக்குள் திரும்பி வாருங்கள்! மறுமுறுக்கு இலவசம்!” என்று அச்சடித்தேன். ‘டைட்டிங் ஃப்ரீ’ என்று போடச் சொன்னார் கோபால். தமிழில் சொல் இருக்கும்போது எதற்கு என்று மறுத்துவிட்டேன். ஒரு மாதம் யாரும் வரவில்லை.

பிறகு அனந்தபுரத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்தது. கணவர் வண்டியிலேயே இருக்க, மனைவி அஞ்சலை கையில் துண்டறிக்கையோடு இறங்கினார். “எங்கண்ணா முறுக்கு?” என்றார். நட்டைக் காட்டினேன். “அது சரி, திங்கிற முறுக்கு எங்க? ஒரு தடவ இல்ல, மறுமுறுக்கும் இலவசம்னு போட்டிருக்குதே” என்றார். துண்டறிக்கையை வாங்கி நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். கோபால் அதற்குள் ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். பின் சக்கரத்தில் ஒரு நட்டு கால் சுற்று திரும்பிய பிறகுதான் டக் என்றது. முறுக்கி முடித்ததும் அவரே எதிர்க் கடைக்கு ஓடி ஒரு பொட்டலம் வாங்கிவந்தார். அஞ்சலை ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எள்ளு கம்மி. நட்டு பரவால்ல.”

கல்யாண வண்டி

மறுநாளே கடையில் ஒரு டின் முறுக்கு வைக்கச் சொன்னார் கோபால். உயிருக்காக வராதவர்கள் தின்பண்டத்துக்காக வருவதா என்று இரண்டு நாள் வீம்பாக இருந்தேன். மூன்றாம் நாள் வைத்தேன், எள்ளு கூடுதலாக. வந்தார்கள். மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்துகூட வந்தார்கள். ஆட்கள் மென்றுகொண்டிருக்கும்போதே கோபால் நான்கு சக்கரத்தையும் பார்த்து முடித்துவிடுவார். தளர்ந்திருந்த நட்டுகள் ஒவ்வொன்றும் டக் டக்கென்று சொன்னது எனக்குக் கைதட்டலாகக் கேட்டது.

ஒரு முகூர்த்த நாள் காலையில் ஏழுமலையின் கார் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை. பின் கதவைத் திறந்துகொண்டு பட்டுப்புடவையில் அஞ்சலை இறங்கினார். தங்கள் வண்டியில் இடம் போதாமல், பெண்கள் மட்டும் உறவினர் கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போகிறார்களாம். வழியில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். “டிரைவரண்ணா, வந்ததுதான் வந்துட்டோம், நட்டப் பாத்துக்கங்க. அதப் பாத்தாத்தான் முறுக்கு” என்று எங்கள் சட்டத்தை அவரே அறிவித்தார். உள்ளே இன்னும் மூன்று பேர்.

முந்தின நாள் பஞ்சர் ஆகி, சக்கரத்தை ஏழுமலையே கழற்றி மாட்டியிருக்கிறார். அந்தச் சக்கரத்தில் இரண்டு நட்டு, கோபால் முக்கால் சுற்று திருப்பிய பிறகுதான் டக் என்றன. ஏழுமலை இறங்கிவந்து குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டியிலிருந்த பெண்களை ஒருமுறை பார்த்தார். கார் ஸ்டாண்டு வசனத்துக்கு முப்பது வருடப் பயிற்சியோடு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அதை விழுங்கிவிட்டு டின்னை நீட்டினேன். ஒன்றை எடுத்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்: “லூசா இருந்தத ஸ்டாண்டுல சொல்லிடாதீங்க தோழரே. முறுக்கு நல்லா இருக்குதுன்னு நானே சொல்லி எல்லாரையும் அனுப்புறேன்.”

சொன்னபடி மறுநாள் ஆறு டிரைவர்கள் என் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். முப்பது வருடம் நான் கேட்ட கூட்டம் கடைசியில் கூடிவிட்டது, எல்லோர் வாயிலும் கோஷத்துக்குப் பதில் முறுக்கு இருந்தது என்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.