கன்னத்துக்கு விட்ட இடம்

போன வாரம் அரூரில் ஒரு கல்யாணம். பக்கத்து நாற்காலிக்கார அம்மா, தன் மகனுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் போட்டோவை செல்போனில் காட்டினார். முகம் வழவழவென்று... ஒரு மச்சம்கூட இல்லை. "நேர்லயும் இப்படித்தானுங்களா?" என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை? என்னையும் இப்படித்தானே அனுப்பினார்கள் — பென்சிலில்!

அறுபதுகளின் கடைசி. பாலக்கோட்டில் இருந்தோம். சின்ன வயதில் பெரியம்மை போட்டு, என் கன்னமெல்லாம் குழிகுழியாகத் தழும்பு. ஸ்டுடியோ போட்டோவைப் பார்த்தே இரண்டு வரன் தட்டிப்போனது. மூன்றாவதாகத் தொப்பூர்ப் பக்கம் ஒரு இடம் வந்தது. அப்பா, லாரிக்குப் பெயர் எழுதும் பெயிண்டர் முனுசாமி அண்ணனைக் கூட்டி வந்தார்.

"போட்டோ வேணாம்ப்பா. நீ வரைஞ்சு குடு."

புருவத்துக்கு இரண்டு கோடு. மூக்குக்கு ஒன்று. தாடைக்கு ஒரே இழுப்பு. கன்னத்துப் பக்கம் அண்ணனின் பென்சிலே போகவில்லை.

"கன்னத்துக்குக் கோடு கெடையாது புள்ள. காயிதத்த அப்படியே வுட்டா அதான் கன்னம்."

நிஜம்தான். வெறும் காகிதம் கன்னமாக உப்பி நின்றது! காகிதத்துக்கு ஏது தழும்பு?

அப்பாவுக்குச் சந்தோஷம். எனக்கோ வேறு கவலை. இதை நம்பி வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கினால்... அதற்கு வராமலே இருந்துவிடலாமே? அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. கவர் ஒட்டுவதற்கு முன், யாரும் பார்க்காதபோது, படத்தின் கன்னத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். தழும்பு இருக்கிற இடமெல்லாம்.

பத்தாம் நாள் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்! தெரிந்துதானே வருகிறார்கள் என்று தைரியமாகக் காபித் தட்டோடு போனேன். மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"அட ஆத்தா! தழும்பா இது? ஈ எச்சம்னு ஈர முந்தானைல தேச்சுத் தொடச்சுப்போட்டனே!"

அப்பா தலை குனிந்தார். மாப்பிள்ளை படத்தை வாங்கிப் பார்த்தார்.

"புள்ளி வெச்சது யாருங்க?"

"நாந்தானுங்க."

அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

"அவுங்க சொல்லித்தாம்மா அனுப்பியிருக்காங்க. தொடச்சது உன்ற வேலை. பேசாம பூ வெச்சுட்டு வா" என்றார் தன் அம்மாவிடம்.

படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. "நான் வுட்ட எடத்த இப்படிக் கெடுத்துட்டீங்களே!" என்று முனுசாமி அண்ணன் ஒருமுறை அங்கலாய்த்தார். ஈரத்தில் தேய்த்ததில் அந்த இடத்துக் காகிதம் பொரிந்து, லேசாகக் குழிந்து, சாம்பல் பூத்திருக்கிறது.

அச்சு அசல் என் கன்னம் — வரைந்தது என் மாமியார்!