மாப்பிள்ளை கார் வரும் வரை

எங்கள் அப்பா ஒரு குடை வாங்குவதென்றாலும் ஆபீசில் நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்பார். கேட்டுவிட்டு, அவர்கள் யாரும் சொல்லாத ஒன்றை வாங்கி வருவார். அப்படிப்பட்டவர் வீட்டு வி.சி.ஆரை மாற்றுவது என்று தீர்மானித்தபோது, திருவனந்தபுரத்தில் அவரிடம் மாட்டாமல் தப்பியவர்கள் குறைவு. பால்காரர்கூட ஒருநாள் வாசலில் நின்று கருத்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த வி.சி.ஆர் மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்தது. நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டதால் வீட்டில் அதற்கு என்னைவிட மரியாதை அதிகம். அம்மா தைத்த உறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். படத்தில் கோடு விழுந்தால் அப்பா மூடியைக் கழற்றி, பீரோவிலிருந்து புத்தம்புது ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, உள்ளே சுழலும் ஹெட்டைத் துடைப்பார். துணி ஆகாது, பஞ்சு ஆகாது, மொறுமொறுப்பான நோட்டுதான் வேண்டும். தெரிந்தவர்கள் வீட்டிலெல்லாம் அப்படித்தான் துடைத்தார்கள். அந்த வருஷம் எந்த நோட்டுக்கும் அது மசியவில்லை. அம்மாவுக்காகப் பதிவு செய்யும் சீரியலைப் பாதியில் விட்டது, புதுக் கேசட்டுகளின் நாடாவை மென்று துப்பியது.

அந்த மிஷினோடு வீட்டில் மிகவும் ஒட்டுதலாக இருந்தவள் அத்தை. அப்பாவின் தங்கை. தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலை. கல்யாணமாகித் திருநெல்வேலிக்குப் போனவள், கொஞ்ச வருஷத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து எங்களோடு தங்கிவிட்டாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, "அத்தைக்கு இங்கதான் பிடிச்சிருக்கு" என்றாள் அம்மா. எனக்கும் இங்கேதான் பிடித்திருந்தது. அதனால் அதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா தூங்கியதும் அத்தை தன் கல்யாணக் கேசட்டைப் போடுவாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். முதலில் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம். இரண்டு கையிலும் மருதாணி இருப்பதால் அத்தை கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தோழிகளுக்கு நடுவே இருப்பாள். திடீரென்று எழுந்து, வீடியோக்காரர் வயரில் தடுக்கித் தடுக்கி நடப்பதை அப்படியே நடித்துக் காட்டுவாள். தோழிகள் ஒருத்திமேல் ஒருத்தி விழுந்து சிரிப்பார்கள். அத்தை சிரிக்கிற சிரிப்பில் ஊசி எங்கேயோ போய் விழும். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

படம் அங்கங்கே நெளியும், வெள்ளைக் கோடுகள் ஓடும். அத்தை எழுந்துபோய் டிராக்கிங் திருகை மயிரிழை அளவு திருப்பிச் சரிசெய்வாள். அது அவளுக்கு மட்டும்தான் வரும். அடுத்து, பூ ஜோடித்த மாப்பிள்ளை கார் மண்டப வாசலில் வந்து நிற்கும். அவ்வளவுதான். அத்தை நிறுத்திவிட்டுக் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றுவாள். திரும்பவும் மருதாணி, திரும்பவும் ஊசி.

"மீதியையும் போடுங்கத்தே" என்று கெஞ்சுவேன்.

"அதுல ஒண்ணும் இல்லட்டி" என்பாள்.

எதையும் முழுதாகப் பார்க்கிற பொறுமை அத்தைக்குக் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓணம் வந்தது. ஓணத்துத் தள்ளுபடி வராமல் இந்த ஊரில் யாரும் மிக்சிகூட மாற்றமாட்டார்கள். பழையதைக் கொடுத்தால் புதியதில் விலை குறைப்பார்கள். அப்பா, அத்தை, நான் மூவரும் ஆட்டோவில் ஏறினோம். வி.சி.ஆர் உறையோடு அத்தையின் மடியில் உட்கார்ந்து வந்தது.

கடைக்காரர் இரண்டு மிஷின்களை எடுத்து வைத்தார். ஒன்று ஹார்ட் டிஸ்க் உள்ளது. கேசட்டே வேண்டாம், டிஸ்க் போட்டுப் பார்க்கலாம், எல்லாம் உள்ளேயே பதிவாகும், ஓடுகிற டி.வி.யை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிட்டு வரலாம். மற்றது கனமானது, ஒரு பக்கம் டிஸ்க்கும் மறுபக்கம் கேசட்டும் போடலாம். ஓடும் கிரிக்கெட்டை நிறுத்தலாம் என்று கேட்டதுமே நான் முதல் மிஷினில் விழுந்துவிட்டேன். அப்பாவும் அதையே சுற்றிச் சுற்றி வந்தார். அத்தை மட்டும் கனமானதன் முன்னால் நின்று, கேசட் போடும் இடத்துச் சின்ன மூடியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"அண்ணே, இது போதும்லா? கேசட்டும் போடலாம்."

"கேசட் இனி எங்க கிடைக்கப் போவுது? பழசையே கட்டிக்கிட்டு எத்தனை நாள் இருக்க முடியும்?" அப்பா இதை மிஷினைப் பார்த்துத்தான் சொன்னார்.

அத்தை விரலை எடுத்துக்கொண்டாள். கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "சேச்சி விஷமிக்கண்டா, வருத்தப்படாதீங்க. கேசட்டைத் தந்தா போதும். நம்ம ஸ்டூடியோவில கொடுத்து டிஸ்க்காக்கித் தராம்" என்றார்.

அத்தையின் முகம் தெளிந்தது. வி.சி.ஆரின் உறையைக் கழற்றி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அப்பா ஹார்ட் டிஸ்க் மிஷினுக்கே பணம் கட்டினார், எங்கள் வி.சி.ஆர் மற்ற பழைய மிஷின்களோடு மூலையில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஆபீஸ் போகிற வழியில் அத்தையே கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஓணம் கழிந்து டிஸ்க் வந்தது. அன்று எல்லோரும் உட்கார்ந்தோம். அத்தை பூகூட வைத்திருந்தாள். திரை முழுக்கப் பொரியைக் கொட்டியதுபோல வெள்ளைப் புள்ளிகள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. மருதாணிக் கை ஒன்று தெரிந்து மறைந்தது. அத்தை எழுந்துபோய்ப் புது மிஷினின் முகப்பை விரலால் தடவித் தேடினாள். அதில் திருக ஒன்றும் இல்லை. சட்டென்று படம் தெளிந்தது. மாப்பிள்ளை கார், அதன் ஒவ்வொரு பூவும். பிறகு மேளம், மாலை, தாலி, சாப்பாட்டுப் பந்தி. நேற்று எடுத்ததுபோலப் பளிச்சென்று இருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். "அத்தே, கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆகல்ல! கொஞ்சம்கூடக் கெடல்ல!" என்று குதித்தேன்.

"ஆமாட்டி, ஒண்ணும் ஆகல்ல" என்றாள் அத்தை.

அப்பா பாதியில் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கடைக்குப் போய் அந்தப் பழைய வி.சி.ஆரைத் திருப்பிக் கேட்டாராம். அதெல்லாம் லாரியில் போய்விட்டதாம். எதை வாங்கினாலும் பிறகு வருத்தப்படுவது அப்பாவின் வழக்கம் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை அந்த டிஸ்க்கைப் போட்டாள். வெள்ளைப் புள்ளிகளுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து சிரிப்பைக் கேட்டாள். கார் வந்ததும் நிறுத்தினாள். முதலிலிருந்து போட்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. ரிமோட்டை வாங்கிக் காட்டினேன்.

"அத்தே, இந்தப் பட்டனை அமுக்குங்க. மோசமான இடத்தையெல்லாம் தாண்டி நேரே கல்யாணத்துக்குப் போயிரும்."

அத்தை அந்தப் பட்டனைக் கவனமாகப் பார்த்தாள். "கெட்டிக்காரிட்டி நீ" என்று என் கன்னத்தைத் தொட்டாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்தே போட்டாள்.

புது மிஷின் அத்தைக்குப் பழக நாளாகும் என்று நினைத்தேன். ஒரு நாடா எந்த இடத்தில் அதிகம் தேயும் என்று யோசிக்கிற வயது எனக்கு அப்போது ஆகவில்லை.